மார்லிஸின் பம்பு

ஏப்ரல் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை, என் அண்ணன் மனைவி மார்லிஸ் ஏரிக்கரையில் செத்த மீன் வாரிக்கொண்டிருந்தாள். இலை கூட்டும் இரும்பு வாரியால் இழுத்துக் குவித்து, மண்வெட்டியால் அள்ளிக் கைவண்டியில் போட்டாள். ஜனவரியில் மாற்றிவைத்த முழங்கால் இன்னும் சரியாக மடங்கவில்லை. அந்தக் காலைத் தூண்போல் சேற்றில் ஊன்றிக்கொண்டு, மற்றக் காலால் அதைச் சுற்றிச் சுற்றி வந்து வாரினாள்.

நான் காரை விட்டு இறங்குவதற்குள் நாற்றம் எதிர்கொண்டு வந்துவிட்டது.

"வேடிக்கை பாக்கவா வந்த, லவான்? கொட்டகையில இன்னொரு வாரி இருக்கு."

"குட்மார்னிங்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வலிக்குமா?"

"இதுல எது குட்? காட்டு, சொல்றேன்."

வாரியை எடுத்துக்கொண்டு வந்தேன். அந்த வாரம்தான் ஏரியில் பனிக்கட்டி முழுதும் கரைந்திருந்தது. அடியில் எப்போதோ செத்துக் கிடந்ததெல்லாம் மேலே வந்து, மேற்குக் காற்றில் மிதந்து, இவர்கள் கரையில் ஒதுங்கிவிட்டது. பெர்ச், சன்னி, ஓரடி ஈரடி நார்தர்ன், எல்லாவற்றுக்கும் மேலாக வால்ஐ. வால்ஐ மீனுக்கு இருட்டில் பூனைபோல் மின்னும் கண். அன்று அத்தனை கண்ணும் அவித்த முட்டையாக வெளுத்திருந்தது. சில மீன் என் கைநீளம். இத்தனை பெரிய மீன் இந்த ஏரியில் இருந்ததென்று, வாழ்நாளெல்லாம் அதில் தூண்டில் போட்ட எங்களுக்கே தெரியாது. செத்த பிறகுதான் எங்கள் ஏரி தன்னிடம் இருந்ததைக் காட்டியது.

உயிரோடு மிஞ்சியது கறுப்புக் கெளுத்தி மட்டும். கரையோரக் கலங்கலில் மீசையை ஆட்டிக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல் மேய்ந்துகொண்டிருந்தது.

"இதுங்களுக்கு ஒண்ணும் ஆகாது. சாக்கடையில போட்டாலும் குடும்பம் நடத்தும்," என்றாள் மார்லிஸ். பிறகு நிமிர்ந்து, என்னைப் பார்க்காமல், "என் தப்புதான், லவான்" என்றாள்.

நான் அவளுக்கு நாத்தனார், நாற்பது வருடமாக அவளை அறிவேன். அந்த வாயிலிருந்து அந்த வார்த்தையை அதற்குமுன் கேட்டதில்லை.

"மழைக்கும் பனிக்கும் நீயா பொறுப்பு? இந்த வருஷம் கொட்டின பனி கொஞ்சமா?"

"பனி கொட்டும்னுதானே பம்பு. ரெண்டாவது பம்பு வேணும்னு போன வருஷமே கேட்டிருக்கணும். பழசு திணறிச்சு. நான் காதுல வாங்கல."

நீடில் ஏரி பெரிய ஏரி அல்ல. இந்தக் கரையில் நின்று உரக்கத் திட்டினால் எதிர்க்கரைக்காரர் தலை திருப்புவார். ஆழமும் கிடையாது. ஆழமில்லாத ஏரிக்கு எங்கள் மினசோட்டாக் குளிர்காலம் கழுத்தில் விழுந்த சுருக்கு. பனிக்கட்டி மூடி அதன்மேல் பனியும் கனமாகப் படிந்தால் கீழே வெளிச்சம் போகாது. செடிகள் அழுகும். தண்ணீரில் இருக்கும் காற்றை அந்த அழுகலே தின்றுவிடும். மீன் மூச்சுமுட்டிச் சாகும். மேலே நாங்கள் பனியில் சறுக்கி ஓடும் ஸ்னோமொபைல் வண்டி ஓட்டிக்கொண்டிருப்போம்.

மார்லிஸ் எதிர்க்கரையில் ஒரு பால்பண்ணையில் பிறந்தவள். அவள் சிறுமியாக இருந்தபோது அப்படி ஒரு குளிர்காலம் வந்து ஏரி மொத்தமாகச் செத்தது. அவள் அப்பா மீனையெல்லாம் டிராக்டரில் அள்ளிப்போய்ச் சோளக்கொல்லையில் போட்டு உழுதார். அந்த வருடம் சோளம் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்தது. வீட்டில் எல்லாரும் வெண்ணெய் தடவித் தின்றார்கள், இவள் தொடவில்லை. "பட்டினி கிட" என்று அப்பா சொன்னாராம். கிடந்தாளாம். இந்தக் கதையை அவள் சொல்லிக் கேட்டவர்கள், அவளுக்கு மீன்மேல் எத்தனை பாசம் என்பார்கள். பாசமாவது! தட்டில் வறுத்த வால்ஐ விழுந்தால் முள்கூட மிச்சம் வைக்கமாட்டாள். வீணாக்குவதுதான் அவளுக்குப் பொறுக்காது.

முப்பது வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். வீணாக்கும் பிள்ளைகளை விட்டுவைத்ததில்லை. தலைமையாசிரியர் ஒருமுறை கோழிக்கறியைப் பாதி தின்று குப்பையில் தட்டியபோது, வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும், "ஐயா, அந்தக் கோழி உங்களுக்கு என்ன பண்ணிச்சு?" என்று கேட்டவள். கோபக்காரி என்று பெயர். எங்கள் ஊரில் அது சாதாரணப் பெயரல்ல. எங்கள் ஊரில் வீடு பற்றி எரிந்தாலும், "கொஞ்சம் சூடாத்தான் இருக்கு, இல்ல?" என்று கேட்டுக்கொண்டுதான் வெளியே வருவார்கள். முகத்துக்கு நேராக யாரும் எதுவும் சொல்வதில்லை. சொல்லவேண்டியதை விட்டுவிட்டு ஒரு பாத்திரம் நிறைய எதையாவது சமைத்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

என் அண்ணன் வெர்லின் அந்த ஊர்க் குணத்துக்கு நடமாடும் உதாரணம். பள்ளிப் பேருந்து ஓட்டினான். தொண்டர் தீயணைப்புப் படைக்குத் தலைவன். குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. கல்யாணம் நிச்சயமானபோது எங்கள் அம்மா, "பேசுறதுக்கு அவ, கேக்கறதுக்கு இவன், சரியாப் போச்சு" என்றாள். சரியாகத்தான் போயிற்று, பல வருடம்.

இருபது வருடம் முன்பு ஏரி மறுபடி செத்தது. அப்போதுதான் மார்லிஸ் பம்பைக் கிளப்பினாள். மூடப்பட்ட தீவன ஆலையிலிருந்து காற்றை ஊதும் பழைய இயந்திரம் ஒன்றைப் பிடித்தாள். கரையில் தகரக் கொட்டகை கட்டி அதற்குள் உட்காரவைத்தாள். நீளக் குழாய் வாங்கி, அது மிதக்காமல் இருக்கப் பழைய ஜன்னல்களில் எடைக்குத் தொங்கும் இரும்புக் குண்டுகளைக் கழற்றிக் கட்டி, வெர்லின் படகில் துடுப்புப் போட, இவள் முழம்முழமாக ஏரியின் அடியில் இறக்கினாள். குளிர்காலம் முழுதும் அதன் வழியே குமிழ் வரும். குமிழ் வரும் இடத்தில் தண்ணீர் உறையாது. ஊரே வெள்ளையாகக் கிடக்கும்போது கொட்டகைக்கு நேர் எதிரே மட்டும் கறுப்பாக ஒரு குளம் திறந்து கிடக்கும். ஏரி மூச்சுவிடும் வாய். அதைச் சுற்றி ஆள் விழாமல் இருக்க ஆரஞ்சு நிறப் பலகைகளும் கயிறும் நடுவதும் அவள்தான். வாசலில் பனி கொட்டுகிறதா என்று மற்றவர்கள் ஜன்னலைத் திறந்து பார்ப்பார்கள். இவள் பம்புச் சத்தம் கேட்கிறதா என்று திறப்பாள்.

அதற்குப் பிறகு ஏரி சாகவில்லை. வளர்ப்பு மீன்குஞ்சுகள் விட்டார்கள், பிழைத்தன, பெருத்தன. ஏரியைச் சுற்றி இருக்கும் வீட்டுக்காரர்கள் எல்லாரும் விருந்தாளிகளுக்கு எங்கள் ஏரி, எங்கள் வால்ஐ என்று வறுத்துப் போட்டார்கள். குளிர்காலத்தில் மார்லிஸை மட்டும் யாரும் எங்கும் அழைத்துப்போக முடியாது. நானும் என் கணவரும் வருடந்தோறும் குளிருக்குத் தப்பி அரிசோனா போகிறோம், வா என்றால், "நீ போய் கள்ளிச்செடியைக் கட்டிப்பிடி. என் பம்பை யாரு பாப்பா?" என்பாள். முழங்கால் எலும்போடு எலும்பு உரசிக் கத்தியபோதும் ஆபரேஷனைத் தள்ளித் தள்ளிப் போட்டாள். கோடையில் செய்துகொள்ள மருத்துவருக்கு நாள் இல்லை, குளிர்காலத்தில் செய்துகொள்ள இவளுக்கு மனம் இல்லை. கடைசியில் வெர்லின்தான் சொன்னான்: "போ, மார்லிஸ். ஒரு பம்பைப் பாத்துக்க எனக்குத் தெரியாதா?"

போனாள். டுலூத்தில் ஆபரேஷன், பிறகு அங்கேயே மகள் ஜோலீன் வீட்டில் தங்கிக் கால்பயிற்சி. தினமும் வீட்டுக்குப் போன் போடுவாளாம். சாப்பிட்டாயா, தூங்கினாயா எதுவும் கிடையாது. "ஓடுதா?" என்பாள். "ஓடுது," என்பான் வெர்லின். வைத்துவிடுவாள். காதல் பேச்சு கேட்கவே காது கூசுகிறது என்று ஜோலீன் எனக்கு அரிசோனாவுக்குப் போன் செய்து சிரித்தாள்.

மார்ச் நடுவில் ஊன்றுகோலோடு வீடு திரும்பினாள். பம்பு ஓடிக்கொண்டிருந்தது. குளம் திறந்திருந்தது. பலகைகள் நட்டபடி நின்றன. அன்று வெர்லினுக்கு ஆப்பிள் பை சுட்டுப் போட்டாள்.

இப்போது இந்த மீன்.

நாங்கள் இரண்டாவது குவியலை முடிக்கும்போது கிளேட்டஸ் டிராக்டரோடு வந்து சேர்ந்தான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் பண்ணை வைத்திருப்பவன், தீயணைப்புப் படையில் வெர்லினுக்கு அடுத்தவன். செத்த மீனை அள்ளிப்போய்க் குழிதோண்டிப் புதைக்க அவனைத்தான் கேட்டிருந்தார்கள். இறங்கியதும் நேராகப் போய்ப் பெரிய வால்ஐ ஒன்றைச் செவுளில் விரல் விட்டுத் தூக்கினான்.

"அடப்பாவி! இத்தனை நாளா எங்கடா ஒளிஞ்சிருந்த? என் தூண்டில்ல ஒரு நாளாவது மாட்டினியா?"

"உன் தூண்டில்ல மாட்டுறதைவிட மூச்சுமுட்டிச் சாகலாம்னு நெனச்சிருக்கும்," என்றாள் மார்லிஸ்.

அவள் தமாஷ் பேசியதில் கிளேட்டஸுக்கு நிம்மதி. அவள் கோபமாக இருப்பாளோ என்று பயந்துகொண்டுதான் வந்திருப்பான். நிம்மதி வந்ததும் வாய் திறந்துகொண்டது.

"இதை அன்னிக்கு டெர்பில புடிச்சிருந்தா எனக்குத்தான் முதல் பரிசு. ஆனா ஒண்ணு மார்லிஸ், இந்த வருஷ டெர்பி மாதிரி வசதியா எப்பவுமே நடந்ததில்ல. வழக்கமா அந்தக் கோடியில வண்டிய விட்டுட்டு சாமான இழுத்துக்கிட்டு நடக்கணும். இந்தத் தடவ உன் கொட்டகைக்கு நேரா வரிசையா நிறுத்தினோம். இறங்கினா துளை, ஏறினா ஹீட்டர். ராஜபோகம்."

டெர்பி என்பது பிப்ரவரியில், உறைந்த ஏரிமேல் பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிக்கும் போட்டி. தீயணைப்புப் படைக்கு நிதி சேர்க்க வருடந்தோறும் வெர்லின் நடத்துவது.

மார்லிஸ் வாரியை நிறுத்தினாள்.

"எங்க நிறுத்தினீங்க?"

கிளேட்டஸின் முகத்தில் இரத்தம் ஏறியதை நான் பார்த்தேன். அவன் கையில் மீன் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"இல்ல... கொஞ்சம் இந்தாண்ட..."

"கொட்டகைக்கு நேரான்ன. அங்க தண்ணி இருக்கும், கிளேட்டஸ். உன் பிக்கப் மிதக்குமா?"

"வெர்லின்கிட்ட கேளு மார்லிஸ். எனக்கு... நான் இந்த லோடைக் கொண்டுபோய்ப் போட்டுட்டு வந்துடறேன்." டிராக்டரில் லோடே ஏற்றியிருக்கவில்லை. காலி வாளியோடு ஏறி, ரோட்டைத் தாண்டிப் போயேவிட்டான்.

மார்லிஸ் வாரியைச் சேற்றில் குத்தி நிறுத்தினாள். ஊன்றுகோல் இல்லாமல், மடங்காத காலை வீசி வீசி, வீட்டுக்கு மேடேறினாள். பின்னால் நான் ஓட வேண்டியிருந்தது.

சமையலறையில் வெர்லின் மதியச் சாப்பாட்டுக்கு ரொட்டியில் கடுகுவிழுது தடவிக்கொண்டிருந்தான். அவள் பூட்ஸைக் கழற்றவில்லை. நாற்பது வருடத்தில் அந்தத் தரையில் பூட்ஸோடு நின்ற முதல் ஆள் அவளாகத்தான் இருப்பாள்.

"டெர்பி அன்னிக்கு பம்பு ஓடிச்சா?"

வெர்லின் கத்தியை விழுதுப் புட்டிமேல் குறுக்காக வைத்தான். என்னைப் பார்த்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"கிளேட்டஸ் ஏதாச்சும் சொன்னானா?"

"கேட்டதுக்குப் பதில்."

"புதன்கிழமை நிறுத்தினேன். ஐஸ் நல்லா கெட்டிப்படட்டும்னு. டெர்பி முடிஞ்சதும் போட்டுடலாம்னுதான்..."

"போன்ல ஓடுதுன்ன."

"நீ ஆஸ்பத்திரிலேர்ந்து அப்பதான் வந்திருந்த. உன்னைப் போட்டுக் கவலப்படுத்த வேணாம்னு."

"ஓ. எனக்காக!"

"கத்தாத மார்லிஸ்."

"இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். அவன் பக்கத்தையும் நான் சொல்லியாக வேண்டும், என் அண்ணன் என்பதற்காக அல்ல. முந்தைய டெர்பியில் ஒருவன் குடித்துவிட்டு ஸ்னோமொபைலோடு கயிற்றை அறுத்துக்கொண்டு திறந்த தண்ணீரின் விளிம்புவரை போய்விட்டான். வெர்லின்தான் படுத்து ஊர்ந்து போய் அவனை இழுத்தவன். அதற்குப் பிறகு கொஞ்சநாள் தூக்கத்தில் கத்தினான் என்று மார்லிஸே சொல்லியிருக்கிறாள்.

"ஐஸ் விளிம்புலேர்ந்து ஆளை இழுத்திருக்கேன் நான்," என்றான். "அத்தனை கூட்டம், அத்தனை சின்னப் பசங்க, பக்கத்துல திறந்த தண்ணி. ஒருத்தர் போனாலும் யாரு பதில் சொல்றது? மீனைவிட ஆள் முக்கியம்."

"அப்ப போட்டியைக் கிழக்கு முனையில வெச்சிருக்கலாமே."

"அங்க வண்டி நிறுத்த இடமில்ல."

"ஆக ஆள் முக்கியம் இல்ல, பார்க்கிங் முக்கியம்."

அவன் மேஜையில் சிந்திய ரொட்டித் துகளை விரலால் கூட்டினான்.

"டெர்பி முடிஞ்சு திரும்பப் போட்டியா?"

"போட்டேன். குழாய்க்குள்ள உறைஞ்சு போயிருந்தது. மெஷின் சூடாகி நின்னுடுச்சு. வெந்நீர் ஊத்திப் பாத்தேன். ஹேர்டிரையர் வெச்சுப் பாத்தேன். கிளேட்டஸும் நானும் எத்தன நாள் மல்லுக்கட்டினோம் தெரியுமா? நீ வர்றதுக்கு முன்னால எப்படியோ சரி பண்ணிட்டோம்."

"நான் வர்றதுக்கு முன்னால," என்று அவள் திருப்பிச் சொன்னாள். "மீன் சாவறதுக்கு முன்னால இல்ல. நான் வர்றதுக்கு முன்னால. பலகையெல்லாம்?"

"திரும்ப நட்டோம்."

"அழகா நட்டிருந்தீங்க. நான் ஆப்பிள் பை பண்ணிப் போட்டேன்."

ஒரு ஏரி முழுக்க ஒரு மாதமாகக் கழுத்து நெரிபட்டுக் கிடந்திருக்கிறது. இரண்டு கிழவர்கள் ஹேர்டிரையரோடு நின்றிருக்கிறார்கள். ஒரு போன் போட்டிருந்தால், டுலூத்தில் சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்தபடியே இவள் வாய்வார்த்தையில் அதைச் சரிசெய்திருப்பாள். குழாயைக் கழற்றிக் கொட்டகைக்குள் இழுத்து இளக்கு என்றிருப்பாள். இதற்குமுன் இரண்டு முறை அப்படி உறைந்து, அப்படித்தான் இளக்கியிருக்கிறாள். கேட்பதற்கு அவனுக்கு வாய் வரவில்லை. கேட்டால் கத்துவாள். கத்தலைத் தவிர்ப்பதற்கு ஒரு ஏரியைக் கொடுத்துவிட்டான். எனக்கு அந்த ரொட்டித் துண்டைப் பிடுங்கி அவன் தலையில் வைத்துத் தேய்க்கலாம் போலிருந்தது.

மார்லிஸ் மேஜையில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தாள்.

"இன்னிக்கு ரெண்டு மணிக்கு ஏரிச் சங்கக் கூட்டம். ஒரு வாரமா ஊர்ல தலை நிமிர்ந்து நடக்க முடியாம, என் பம்புதான் கவுத்துடுச்சுன்னு எல்லார்கிட்டயும் மன்னிப்பு கேட்டுக்கிட்டுத் திரியறேன். நீ எந்திரிச்சு நின்னு சொல்லணும். நிறுத்தினது நான்தான்னு. அவ்வளவுதான் எனக்கு வேணும்."

வெர்லின் நிமிர்ந்து பார்த்தான். அவன் முகத்தில் உண்மையான குழப்பம்.

"அவங்க எல்லாருக்கும் தெரியுமே, மார்லிஸ்."

குளிர்பதனப் பெட்டி உறுமி ஓய்ந்தது. அவன் சொன்னது அவளுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது; எனக்கும்தான். பிறகு அவள் நிதானமாகப் போய்ப் பெட்டியைத் திறந்தாள். டார்லாவின் கண்ணாடித் தட்டு அதில் இருந்தது. பக்கத்து வீட்டு டார்லா, மார்லிஸ் மனம் உடைந்திருக்கிறாள் என்று, மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் அடுக்கி வேகவைத்த ஹாட்டிஷ் ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். "பழைய மெஷின்தானே, பாவம், நீ என்ன பண்ணுவ" என்று கட்டிக்கொண்டு கண்கலங்கிவிட்டுப் போனவள்.

"டெர்பில டார்லா எங்க இருந்தா?"

"சூப்பு வித்தா," என்றான் வெர்லின், சின்னக் குரலில்.

"எங்க நின்னு?"

எதையும் வீணாக்காத மார்லிஸ், பாதித் தட்டு ஹாட்டிஷைக் குப்பையில் வழித்துப் போட்டாள். தட்டைக் கழுவினாள், துடைத்தாள். "வண்டி எடு, லவான்" என்றாள். வெர்லின் தன் பிக்கப்பில் தனியாக வந்தான்.

கூட்டம் டவுன்ஷிப் கூடத்தில். மடக்கு நாற்காலிகள், பெரிய காபிக் கலம், எலுமிச்சைக் கேக் துண்டுகள். வந்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்து மார்லிஸுக்கு வழிவிட்டார்கள், சாவு வீட்டில் விதவைக்கு விடுவதுபோல. அவள் நேராக டார்லாவிடம் போய்த் தட்டை மடியில் வைத்தாள்.

"சுத்தமா கழுவிட்டேன்."

"ஐயோ, அதுக்கென்ன அவசரம் மார்லிஸ்? பிடிச்சிருந்துச்சா?"

"தொண்டையில இறங்கல."

சங்கத் தலைவர் கோர்டி, நகரத்தில் காப்பீட்டு வேலை பார்த்து ஓய்வுபெற்று இங்கே வீடு கட்டியவர். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோலப் பேசுவார். இது நம் எல்லாருக்கும் வருத்தமான வசந்தம் என்றார். இயற்கையை யார் வெல்ல முடியும் என்றார். இத்தனை வருடம் தனி ஒருத்தியாகப் பம்பைப் பார்த்துக்கொண்ட மார்லிஸுக்குச் சங்கம் கடன்பட்டிருக்கிறது, அவருக்கு இனி ஓய்வு கொடுத்துவிட்டு, பெரிய புதுப் பம்பு வாங்கி, இளையவர் யாரிடமாவது ஒப்படைக்கலாம் என்றார். மேஜைக்கு அடியிலிருந்து ஒரு தொட்டி ஜெரேனியம் பூவை எடுத்து மேலே வைத்தார். சிலர் கைதட்டினார்கள்.

மார்லிஸ் எழுந்து நின்றாள்.

"டெர்பி அன்னிக்கு ஐஸ்மேல இருந்தவங்க கொஞ்சம் கை தூக்குங்க."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கைகள் தோள்வரை வந்து நின்றன. கிளேட்டஸ் தொப்பியைச் சரிசெய்வதுபோல் கையைத் தூக்கினான்.

"இருபது வருஷமா திறந்த தண்ணியா இருந்த இடத்துல இந்தத் தடவ வண்டிய நிறுத்தினீங்க. சூப்பு வித்தீங்க. இன்னிக்கு என்னடா இங்க தண்ணியக் காணோம்னு உங்கள்ல ஒருத்தருக்குக்கூடத் தோணலையா?"

காபிக் கலம் மட்டும் கொதித்தது.

"தோணிச்சு," என்றாள் டார்லா, தட்டைப் பிடித்துக்கொண்டு. "ஆனா வெர்லின் இருக்காரே, அவருக்குத் தெரியாதான்னு..."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே."

"அது உங்க குடும்ப விஷயம் மார்லிஸ். புருஷன் பொண்டாட்டிக்கு நடுவுல நாங்க எப்படி?"

"மீன் என் புருஷனோடதா? தின்னும்போது எல்லாரோடதா இருந்துச்சே! என் வீட்டுக்கு வந்து, என்னைக் கட்டிப்பிடிச்சு, நீ என்ன பண்ணுவன்னு அழுதியே டார்லா, அப்பக்கூடவா சொல்ல வரல? நான் உன்கிட்ட மன்னிப்பு கேட்டேன். உன்கிட்ட!"

"ஏற்கனவே நீ ரொம்ப நொந்து போயிருந்த..."

"மார்லிஸ், கொஞ்சம் தண்ணி குடிங்களேன்," என்றார் கோர்டி.

அப்போதுதான் கடைசி வரிசையில் நாற்காலி கிரீச்சிட்டது. வெர்லின் எழுந்துவிட்டான். தொப்பி கையில்.

"நிறுத்தினது நான்," என்றான். "டெர்பிக்காக. திரும்பப் போடும்போது குழாய் உறைஞ்சுடுச்சு. அவகிட்ட சொல்லல. போன்ல கேட்டப்பல்லாம் பொய் சொன்னேன். பம்புல ஒரு கோளாறும் இல்ல. அவகிட்டயும் இல்ல. அவ்வளவுதான்."

அவள் கேட்டது அதுதான். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மார்லிஸின் தோள் கொஞ்சம் இறங்கியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அத்தோடு எல்லாரும் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் என்ன நடந்திருக்குமோ, தெரியாது.

கிளேட்டஸ்தான் முதலில் கைதட்டினான். பிறகு மற்றவர்கள். பக்கத்தில் இருந்தவர் வெர்லினின் முதுகில் தட்டினார். "இப்படி எந்திரிச்சு ஒத்துக்கறதுக்கு ஒரு தைரியம் வேணும்" என்றார் ஒருவர். "யாரு தப்பு பண்ணல?" என்றார் இன்னொருவர். டார்லா கண்ணைத் துடைத்துக்கொண்டே போய், அவனுக்கு ஒரு கோப்பை காபியும் இரண்டு துண்டு கேக்கும் கொண்டுவந்து கொடுத்தாள். மார்லிஸ் நின்றுகொண்டிருந்தாள், அவளுக்கு முன்னால் அவளைச் சுற்றிக்கொண்டு அந்தக் கேக் போயிற்று. என் அண்ணன் அதை வாங்கிக்கொண்டான். ஒரு வாய் கடித்தான். பசி போலும், மதியம் சாப்பிடவில்லை.

அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் சார்பில் அவனை மன்னித்து முடித்துவிட்டார்கள். அறை முழுதும் ஒரு லேசான சந்தோஷம் பரவிற்று, பிரசங்கம் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமைபோல.

"நல்லது," என்றார் கோர்டி, கைகளைத் தேய்த்துக்கொண்டு. "மனசு திறந்து பேசினது ரொம்ப நல்லது. அப்ப பம்பு நல்லாத்தான் இருக்கு, புதுசு வாங்க வேண்டியதில்ல. மீன்வளத் துறையில குஞ்சு கேட்டு எழுதிடலாம். அஞ்சாறு வருஷத்துல பழையபடி ஆயிடும். அடுத்த குளிர்காலத்துக்குப் பம்பைப் பாத்துக்கறது யாருன்னு மட்டும் முடிவு பண்ணிடலாம். யாராவது?"

டெக்சாஸுக்குப் போகிறவர் ஒருவர், புளோரிடாவுக்குப் போகிறவர் ஒருவர். தரையில் பார்க்க எல்லாருக்கும் ஏதோ இருந்தது. நானும் பேசவில்லை, அரிசோனாவில் எங்களுக்கு வீடு பதிவாகியிருந்தது.

கோர்டி புன்னகையோடு இந்தப் பக்கம் திரும்பினார். ஜெரேனியம் தொட்டியை மேஜையின் ஓரத்துக்கு, எங்கள் பக்கமாக, மெதுவாக நகர்த்தினார்.

"உங்களைவிட அந்த மெஷினைத் தெரிஞ்சவங்க இந்த ஏரியில யாரும் இல்ல. நீங்களே பாத்துக்கறீங்களா, மார்லிஸ்?"

மார்லிஸ் நாற்காலி முதுகிலிருந்து கோட்டை எடுத்தாள். ஒரு கை விட்டாள், மறுகை விட்டாள், கழுத்துவரை ஜிப்பை இழுத்தாள். இரண்டு வரிசை நாற்காலிகளுக்கு நடுவே அந்தக் காலை வீசி நடந்தாள். வெர்லின் பக்கத்தில் வந்தபோது அவன் கேக்கைக் கீழே வைத்துவிட்டு எழப்பார்த்தான். அவள் நிற்கவில்லை.

"மார்லிஸ்?" என்றார் கோர்டி மறுபடி.

கதவு அவளுக்குப் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது.